தம்பி கல்யாணத்துக்கு முன்னால் புருவத்துக்கு மைக்ரோபிளேடிங் போடலாமா?

ஈரோட்டுக்காரி:

வணக்கம் தோழிகளே. வயது 38. வரும் தை 20 தம்பிக்குக் கல்யாணம். எங்கள் பக்க வழக்கப்படி இணைச்சீர்ச் சடங்குக்கு அக்கா நான்தான் உட்கார வேண்டும். மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாக அத்தனை பேர் கண்ணும் கேமராவும் என் முகத்தில்தான் இருக்கும்.

எனக்குப் புருவத்தின் வால் பகுதியே கிடையாது. காலேஜ் நாளிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை த்ரெடிங் செய்ததால் போய்விட்டது என்று நினைக்கிறேன். இந்த இரண்டு வருடமாக இன்னும் மோசம், தலைமுடியும் சேர்ந்து கொட்டுகிறது. பென்சில் போடாமல் கடைக்குப் போனால் "என்னங்க, காய்ச்சலா?" என்று கேட்கிறார்கள்.

புருவத்தில் முடி முடியாகக் கீறி மை ஏற்றுகிற இந்த மைக்ரோபிளேடிங்குக்கு இங்கே ஒரு பார்லரில் 12,000 சொல்கிறார்கள். அடுத்த வாரமே வரச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். வலிக்குமா, எத்தனை நாள் நிற்கும்? என் முகம் எண்ணெய் வழிகிற முகம், அதனால் ஏதாவது சிக்கல் வருமா?

தெப்பக்குளம்:

நான் போட்டேன் தங்கச்சி, 2022இல், மதுரையில். எந்த இடம் என்று கேட்காதீர்கள். சண்டை போட்டு ஓய்ந்தாகிவிட்டது.

வலியைப் பற்றிக் கவலை வேண்டாம். மரத்துப்போகிற கிரீம் தடவி அரைமணி நேரம் படுக்க வைப்பார்கள். அப்புறம் ஒரு கைப்பிடி, அதன் நுனியில் சீப்பு மாதிரி வரிசையாக நுண்ணிய ஊசிகள். அதை மையில் தொட்டு ஒவ்வொரு முடியாகக் கீறுவார்கள். எனக்கு வலியைவிட அந்தச் சத்தம்தான் கஷ்டமாக இருந்தது. பழைய ரவிக்கையில் தையல் பிரித்தால் வருமே, அதே சத்தம், கண்ணுக்கு மேலே.

வீட்டுக்கு வந்ததும் என் பையன் கேட்டது, "அம்மா, ஏன் கோவமா இருக்கே?" அவ்வளவு கறுப்பு, அவ்வளவு தடிப்பு. ஐந்தாம் நாள் அரிப்பெடுத்து, பக்கு உதிர ஆரம்பித்தது. பன்னிரண்டாம் நாள் பார்த்தால் புருவத்தில் ஒன்றுமே இல்லை. கொடுத்த பணம் தண்ணீரோடு போய்விட்டது என்று அழுதேன். இது எல்லோருக்கும் நடப்பதுதானாம். மேலே புதுத்தோல் வரும்போது நிறம் மங்கித் தெரியும், நான்கைந்து வாரத்தில் திரும்பி வரும். இதை முன்கூட்டி ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் திரும்பி வந்தது பாதிதான். மீதிக்கு டச்-அப், அதற்குத் தனிக் காசு. டச்-அப் எல்லோருக்கும் தேவைப்படும், ஆறு முதல் எட்டு வாரத்தில் செய்வார்கள். சொன்ன தொகையில் அதுவும் சேர்த்தியா என்று முதலிலேயே கேளுங்கள்.

உங்களை மாதிரி எனக்கும் எண்ணெய் முகம். முடி முடியாகத் தெரிந்த கோடெல்லாம் எட்டு மாதத்தில் ஒன்றோடொன்று கலந்து, ஈரத் தாளில் பேனா மை ஊறின மாதிரி ஆகிவிட்டது. ஒன்றரை வருடத்தில் நிறம் செம்மண். இரும்பு ஆக்சைடு கலந்த மை மங்கும்போது சிவப்பு மட்டும் தங்கிவிடுமாம். கார்பன் மை என்றால் எதிர்ப்பக்கம், சாம்பலும் நீலமுமாகப் போகும். என் பாட்டி கையில் குத்தியிருந்தது விளக்குக் கரிதான், ஆனால் நாம் அதைப் பச்சை என்றுதானே சொல்கிறோம்? கரி தோலுக்குள் போனால் அப்படித்தான் தெரியும்.

சரி, லேசர் வைத்து எடுத்துவிடலாம் என்று தோல் டாக்டரிடம் போனேன். இரும்பு ஆக்சைடு மை லேசர் பட்டதும் கன்னங்கரேலென்று மாறக்கூடும், முதலில் ஓரமாக ஒரு புள்ளியில் பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்றார். பயந்து திரும்பி வந்துவிட்டேன். பென்சிலை விட்டுவிடலாம் என்றுதான் இதைப் போட்டேன். இப்போது சிவப்பை மறைக்கத் தினமும் பென்சில்.

நீங்கள் போவதென்றால் அவர்கள் போனில் காட்டுகிற போட்டோவை நம்பாதீர்கள். அதெல்லாம் போட்ட பத்தாவது நிமிடம் எடுத்தது. ஆறு மாதம், ஒரு வருடம் ஆன புருவத்தைக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் நம் நிறத்து முகத்தில். ஊசி பாக்கெட்டை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும், முடிந்ததும் தூக்கிப் போட வேண்டும். ரத்தம் படுகிற சாமான், மஞ்சள் காமாலையிலிருந்து எச்.ஐ.வி. வரை எல்லாம் அதில் தொற்றக்கூடும். மை பாட்டிலின் பெயரையும் காலாவதித் தேதியையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. எனக்குள் என்ன மை இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது விழித்துக்கொண்டு நின்றேன்.

முக்கியமானது ஒன்று. வடிவம் வரைந்ததும் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியில் பாருங்கள். படுத்திருக்கும்போது முகம் பின்னால் சரிந்திருக்கும், சரியாக இருப்பது போலத்தான் தெரியும். என் இடது புருவம் ஒரு நூல் உயரம், இன்றைக்கும்.

கோவை_ப்யூட்டீஷியன்:

நான் தொழிலாகவே இதைச் செய்கிறேன். தெப்பக்குளம் அக்கா சொன்னதில் பெரும்பாலும் சரி, ஆனால் முழுப் பழியையும் எண்ணெய் முகத்தின் மேல் போட முடியாது. கீறும்போது புள்ளி புள்ளியாக லேசாகக் கசிந்தால் பரவாயில்லை. துடைக்கத் துடைக்க ரத்தம் வந்திருந்தால் கை ஆழமாகப் போயிருக்கிறது, அதனாலும் கோடு கலங்கும், நிறம் சாம்பலாகும்.

ஈரோட்டுத் தோழிக்கு: ஐந்து வாரத்தில் கல்யாணம் என்றால் நானாக இருந்தால் இந்த வேலையை எடுக்க மாட்டேன். டச்-அப்பே அதற்குப் பிறகுதான் வருகிறது. குறைந்தது மூன்று மாதம் கையில் இருக்க வேண்டும். முதல் பத்து நாள் புருவத்தில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக்கூடாது, குக்கர் ஆவியில் முகம் காட்டக்கூடாது. மஞ்சள் பூசவே கூடாது. கல்யாண வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

எண்ணெய் முகத்துக்கு மெஷினில் பொட்டுப் பொட்டாக வைக்கிற பவுடர் புருவம்தான் கொஞ்சம் நிற்கும். முடிக்கோடு வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். எதைப் போட்டாலும் நிற்பது இரண்டு வருடம் முன்னே பின்னேதான்.

கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் நான் செய்வதில்லை. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் நிறுத்தி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். காது குத்திய இடத்திலோ தடுப்பூசித் தழும்பிலோ சதை தடித்து வளர்ந்திருந்தால் வேண்டவே வேண்டாம், புருவத்திலும் அப்படி வளரலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதற்காக அதைத் தானாக நிறுத்திவிட்டு வந்து நிற்காதீர்கள். எனக்கு அப்படி ஒருவர் வந்தார், டாக்டரைப் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

கிரீமையும் மையையும் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்காமல் அன்றைக்கே உட்கார வைக்கிற இடமாக இருந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ரத்தப்பரிசோதனை_அக்கா:

ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். புருவத்தைப் பற்றி அவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு இடித்தது வேறு. வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு மட்டும் உதிர்வது, கூடவே தலைமுடி கொட்டுவது. தைராய்டு குறைவாகச் சுரந்தால் இப்படி ஆவதுண்டு. சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை இருக்கிறதா? த்ரெடிங் மேல் பழி போடுவதற்கு முன்னால் டி.எஸ்.எச். என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்று பார்த்துவிடுங்கள். புருவம் உதிர்ந்த இடத்தில் தோல் தடித்தோ உணர்ச்சி இல்லாமலோ இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், இதுவும் பச்சை குத்துவதில்தான் சேரும். போட்டு ஒரு வருடத்துக்கு ரத்ததானம் செய்ய முடியாது. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் அங்கே சொல்லிவிட வேண்டும், இரும்பு கலந்த மை என்பதால் அபூர்வமாகச் சூடு தெரியலாம்.

ஈரோட்டுக்காரி:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். லேப் அக்கா எழுதியதைப் படித்தபோது இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மார்கழிப் பனி என்று நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, வீட்டில் மற்ற யாரும் ஒன்றுகூடப் போடவில்லை என்பதைக் கவனிக்கவே இல்லை.

டி.எஸ்.எச். 14.2, தைராய்டு குறைவாகத்தான் சுரக்கிறதாம். டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார். முடி திரும்ப வருமா என்று கேட்டேன். பல பேருக்கு வரும், சில மாதம் பொறுத்துப் பாருங்கள், அதற்குள் கீறிக்கொள்ள வேண்டாம் என்றார். பார்லருக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். "மேடம், ஆஃபர் முடிஞ்சிரும்" என்றார்கள். முடியட்டும்.

இணைச்சீருக்கு மேக்கப் போடுகிற பெண்ணிடம் வியர்வைக்கு அழியாத பென்சிலால் வரையச் சொல்லியிருக்கிறேன். எண்ணெய் முகத்துக்கு அடியில் ஏதோ பவுடர் வைப்பாளாம்.

மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும்வரை காபி குடிக்கக் கூடாதாம். ஐந்தரை மணிக்கு மாமியார் டிகாஷன் இறக்குவார். அடுக்களை வாசனையில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.