டிப்ளமோ மெக்கானிக்கல், மூணு ஷிஃப்ட் வேலை: மாலை நேர பி.இ. சேரலாமா?

ஷிஃப்ட்_பையன்:
வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல். நாலு வருஷமா ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு உதிரிபாக ஆலையில் குவாலிட்டி வேலை. வீடு பூந்தமல்லி. கைக்கு 24,000 வருது. வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். கிண்டி பக்கம் ஒரு கல்லூரியில் மாலை 6 முதல் 9 வரை வகுப்பு, வாரம் 5 நாள் என்கிறார்கள். ஷிஃப்டோடு இது ஒத்துவருமா? அந்தப் பட்டம் செல்லுமா? இல்லை, வேலையை விட்டுட்டு லேட்டரல் என்ட்ரியில் (நேரா இரண்டாம் ஆண்டு) முழுநேரமா போயிடலாமா?

பழைய_காலிப்பர்:
மூளை, ஆர்வம் எல்லாம் அப்புறம். முதல்ல வருகைப்பதிவைப் போட்டுப் பாருங்க தம்பி.

ஒரு செமஸ்டருக்கு 15 வாரம், வாரம் 5 நாள்னு வச்சா 75 வகுப்பு நாள். மூணு வாரத்துக்கு ஒரு வாரம் பி ஷிஃப்ட், அதாவது மதியம் 2 முதல் இரவு 10 வரை. அந்த வாரம் வகுப்புக்கு வாய்ப்பே இல்லை. 5 வாரம் அப்படிப் போனா 25 நாள் காலி. மிச்சம் 50 நாள், 66.7 சதவீதம். அண்ணா பல்கலை விதிப்படி 75 வேணும். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தா மருத்துவக் காரணம் போன்றவற்றுக்குச் சான்று கொடுத்து மன்னிப்பு வாங்கலாம். ஷிஃப்ட் இருந்ததுங்கிறது மருத்துவக் காரணம் ஆகாது. மேற்கொண்டு ரெண்டே நாள் லீவு போட்டாலும் 64-க்கு இறங்கிடும். அப்புறம் தேர்வு எழுதவே முடியாது, அந்த செமஸ்டரை மறுபடி படிக்கணும்.

நைட் ஷிஃப்ட் வாரமும் லேசுப்பட்டது இல்லை. 9 மணிக்கு கிண்டியில் வகுப்பு விட்டா, 10 மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் கேட்டில் பஞ்ச் வைக்க முடியாது. கடைசி ஹவரை தினமும் விடணும். அந்த ஹவர்ல எந்தப் பாடம் வருதோ அதுல அடி விழும்.

அதனால ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஹெச்.ஆர்.கிட்ட எழுத்துல வாங்குங்க: படிப்பு முடியிற வரைக்கும் ஜெனரல் ஷிஃப்ட், இல்லைன்னா நிரந்தர ஏ ஷிஃப்ட், அதாவது காலை ஷிஃப்ட். சூப்பர்வைசர் வாயால சொன்னது அவர் மாறுற அன்னிக்கே போச்சு. கூட வேலை செய்றவரோட ஷிஃப்ட் மாத்திக்கிறதும் ஒரு செமஸ்டருக்கு மேல தாங்காது. அவருக்கும் கல்யாணம் காட்சின்னு வரும்.

ஏ ஷிஃப்ட் கிடைச்சாலும் வாரத்துக்கு வேலை 48 மணி, வகுப்பு 15, கல்லூரிக்குப் போக வர சுமார் 10, வீட்ல படிக்க 8. மொத்தம் 81 மணி. காலையில 4:30-க்கு எழுந்திருக்கிறவர் இரவு 11 மணிக்குப் படுக்கிறதை 3 வருஷம் ஓட்டணும்.

கேட்_பாஸ்:
பட்டம் செல்லுமாங்கிறதுக்கு வர்றேன்.

பகுதிநேரம்னு தனியா இருந்த முறைக்குப் பதிலா 2023-ல் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) பணியில் இருப்போருக்கான பி.இ. என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வகுப்பு நேரத்தை மட்டும் வேலைக்கு ஏத்தமாதிரி வச்சுக்கலாம், பாடமும் தேர்வும் வழக்கமானதே. டிப்ளமோக்காரர் நேரா இரண்டாம் ஆண்டு. குறைந்தது ஒரு வருஷ முழுநேர அனுபவம் வேணும், வேலையிடம் கல்லூரியிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கணும். கம்பெனி வெளியூருக்கு மாத்திட்டா என்ன ஆகும்னும் சேரும்போதே கல்லூரியில் கேட்டுக்கோங்க.

கல்லூரிக்கு அனுமதி இருக்குன்னு சொன்னா அதோட விட்டுடாதீங்க. நீங்க சேர்ற கல்வியாண்டுக்கான ஏ.ஐ.சி.டி.இ. கடிதத்துல, உங்க பிரிவுக்கு, பணியில் இருப்போர் என்ற தலைப்பில் இடங்கள் காட்டியிருக்கணும். பல்கலைக்கழக இணைப்பும் அதே பிரிவுக்கு இருக்கணும். போன வருஷக் கடிதத்தைக் காட்டினா எழுந்து வந்துடுங்க.

தொலைதூரக் கல்வியில் பி.டெக். தர்றோம்னு யார் சொன்னாலும் வேண்டாம். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியில்லாம அப்படிக் கொடுத்த பட்டங்களை ரத்து செய்தது. ஏ.எம்.ஐ.இ., அதாவது பொறியாளர் சங்கம் நடத்துற தேர்வு, அதோட பெயரும் டீக்கடையில அடிபடும். 2013 மே 31 வரை பதிவு செய்தவங்களுக்குத்தான் மத்திய அரசு அங்கீகாரம் உண்டு.

முழுநேர லேட்டரல்னா 36 மாசம் சம்பளம் போகும். 24,000 வீதம் 8,64,000 ரூபாய், ஃபீஸ் தனி. அதுக்குப் பதிலா கிடைக்கிறது கேம்பஸ் இன்டர்வியூ. மாலை வகுப்புக்காரங்களுக்கு பெரும்பாலும் அது கிடையாது. ஜி.இ.டி. (பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர்) ஆள் எடுக்கிற கம்பெனிகள் பாஸ் ஆன வருஷத்தையும் 60 சதவீதத்தையும் பார்ப்பாங்க. அனுபவத்தோட பட்டம் வாங்கினவர் நேரா இன்ஜினியர் பதவிக்குத்தான் முட்டணும். என்னைக் கேட்டா, இப்ப இருக்கிற கம்பெனியில டி.இ.டி.யா (டிப்ளமோ பயிற்சிப் பொறியாளர்) சேர்ந்தவர் பி.இ. முடிச்சதும் கிரேடு மாறினதுக்கு முன்னுதாரணம் இருக்கா, அதை முதல்ல தேடுங்க. இல்லைன்னா பட்டத்தோட வேலையும் மாறணும்னு வச்சுக்கோங்க.

எம்3_பயம்:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அரியர் விழுறது மெஷின் டிசைன்ல இல்லை, கணக்குல. டிப்ளமோவில் படிச்ச வகையிடல், தொகையிடல் மேல நேரா ஃபூரியர் தொடரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடும் வந்து உட்காரும். நடுவில் முதலாண்டுக் கணக்கு முழுசா இல்லை. வகுப்பு தொடங்க 2 மாசம் முன்னாடி பகுதித் தொகையிடல், முக்கோணவியல் சூத்திரங்கள், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடு இந்த மூணையும் தினம் 40 நிமிஷம் போடுங்க. பகுதித் தொகையிடல் கையில வரலைன்னா ஃபூரியர்ல ஒரு கெழு கூட கண்டுபிடிக்க முடியாது.

ஷிஃப்ட்_பையன்:
நன்றி. நான் கான்ட்ராக்ட்ல இருந்து போன வருஷம்தான் கம்பெனி ரோலுக்கு (நேரடி ஊழியரா) வந்தேன். அனுபவச் சான்று யார் தரணும்? ஃபீஸுக்கு வரிச்சலுகை உண்டா?

கேட்_பாஸ்:
கான்ட்ராக்ட் காலத்துக்கு கான்ட்ராக்டர் லெட்டர்ஹெட்ல, ரோல் காலத்துக்கு கம்பெனி லெட்டர்ஹெட்ல. ரெண்டுலயும் சேர்ந்த தேதி, விட்ட தேதி, முழுநேரம் என்ற சொல் இருக்கணும். கூடவே பி.எஃப். பாஸ்புக் நகல் வைங்க. சான்றில் உள்ள தேதியும் பி.எஃப். மாசமும் பொருந்தலைன்னா சரிபார்ப்புல கேள்வி வரும். அப்ரெண்டிஸ் காலம் இருந்தா அதைக் கணக்கில் எடுப்பாங்களான்னு முன்னாடியே கேட்டுடுங்க.

வரிக்கு: வருமான வரிக் கழிவுல பிள்ளைகளோட டியூஷன் ஃபீஸ்தான் வரும், நம்ம ஃபீஸ் வராது. கல்விக்கடன் வாங்கினா வட்டிக்கு மட்டும் கழிவு உண்டு, அதுவும் பழைய வரிமுறையில. உங்க சம்பளத்துக்கு வரியே வராது, அதுக்காகக் கடன் வாங்காதீங்க.

பழைய_காலிப்பர்:
ஹெச்.ஆர். கடிதத்துல இன்னொண்ணு சேர்த்து வாங்குங்க. நவம்பர்-டிசம்பர், ஏப்ரல்-மே தேர்வு நாட்களுக்கு லீவு.