வகுப்பறைக் கண்காணிப்பு: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம். தலைமை ஆசிரியர்களாக இருப்பவர்களிடம் ஒரு யோசனை கேட்கிறேன்.

நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் பாடமே மாறிவிடுகிறது. ஆசிரியரின் குரல் உயர்கிறது. அலமாரியில் தூங்கிய அட்டைகள் வெளியே வருகின்றன. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடமே கேள்விகள் போகின்றன. நான் பார்ப்பது வழக்கமான பாடம்தானா என்பதே சந்தேகம். அதுவும் முழுப் பாடவேளை உட்கார முடிந்தால்தான். பாதியில் பெற்றோர் யாரோ காத்திருப்பதாக ஆள் வந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், பார்த்த பிறகு பேசுவது. "கரும்பலகைப் பயன்பாடு நன்று" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதால் யாருக்கும் பயனில்லை. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை 3 விநாடியாக்கினால் மாணவர்களின் பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே காட்டினார். இப்படி எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றை மட்டும் எடுத்துப் பேசினால் மனத்தாங்கல் குறையும் என்று நினைக்கிறேன். ஆனால் என்னைவிடப் பணிமூப்புள்ள கணித ஆசிரியரிடம் அதை எப்படித் தொடங்குவது? நான் மொழிப்பாடம் நடத்தியவன். "கணக்கில் உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அவர் வாய்விட்டுக் கேட்பதில்லை, பார்வையில் கேட்கிறார்.

ஒருவர் வகுப்பை மற்றோர் ஆசிரியர் பார்க்கும் முறையை யாராவது நடத்துகிறீர்களா? அதற்குப் பாடவேளையை எப்படி ஒதுக்கினீர்கள்? ஒரே பக்கத்தில் அடங்கும் படிவம் இருந்தால் பகிருங்கள். மதிப்பெண் போடும் படிவம் மட்டும் வேண்டாம், அது இங்கே கட்டுக் கட்டாக இருக்கிறது.