பழைய மரப் புரொப்பல்லர்: ஒரே இறக்கை கீழே இழுக்கிறது, என்ன செய்யலாம்?

லெஸ்டர்வாசி:
வணக்கம். போன வருடம் இங்கே இங்கிலாந்தில் ஏலத்தில் ஒரு மரப் புரொப்பல்லர் வாங்கினேன். நடுக்குடத்தில் 'அவ்ரோ 504, 100 எச்பி மோனோ' என்று முத்திரை ('மோனோ' என்பது மோனோசூபாப் என்ற எஞ்சின்). முதல் உலகப்போர்க் காலத்துப் பயிற்சி விமானத்துடையது. ஹாலில், ஹீட்டருக்கு மேலே நெட்டுக்குத்தாக மாட்டியிருந்தேன். இப்போது குடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பலகைகளுக்கு நடுவே நகம் நுழையும் அளவுக்கு விரிசல். கம்பியில் கோத்துப் பார்த்தால் எப்போதும் ஒரே இறக்கைதான் கீழே வந்து நிற்கிறது. அதை உப்புத்தாளால் தேய்த்துக் குறைக்கலாமா? விரிசலில் அரால்டைட் ஊற்றலாமா? நுனிப் பித்தளைத் தகட்டில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தன, மெழுகு வைத்து அடைத்துவிட்டேன்.

ஆசாரி மகன்:
மெழுகை முதலில் எடுங்கள் தம்பி. அவை வேண்டுமென்றே போட்ட ஓட்டைகள். சுற்றும் வேகத்தில் மரத்தின் ஈரம் நுனிக்குத் தள்ளப்படும். வெளியேற வழி இல்லாவிட்டால் தகட்டுக்குள்ளேயே மரம் உளுத்துப்போகும்.

கீழே வந்து நிற்பது, சுவரில் மேல்பக்கம் இருந்த இறக்கைதானே?

லெஸ்டர்வாசி:
ஆமாம் அண்ணா! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஆசாரி மகன்:
ஹீட்டர் பக்கம் இருந்த இறக்கை காய்ந்து எடை குறைந்திருக்கிறது. மற்றதன் மேல் தப்பில்லை, தேய்க்காதீர்கள். சூடு படாத அறையில் படுக்கையாக இரண்டு மாதம் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். மரப் புரொப்பல்லர் உள்ள விமானத்தை நிறுத்தும்போதும் இறக்கைகளைக் கிடைமட்டமாகத்தான் விடுவார்கள்.

அரால்டைட் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. அந்தக் காலத்தில் வஜ்ஜிரம், அதாவது மாட்டுத்தோலிலிருந்து எடுக்கும் பசை, காய்ச்சித்தான் பலகைகளை ஒட்டினார்கள். மரம் சுருங்கியதில் ஒட்டு விட்டிருக்கும். ஈரம் சமமான பிறகு விரிசல் தானாகவே கொஞ்சம் மூடும். மீதிக்கு வஜ்ஜிரமே போதும். அப்பா வஜ்ஜிரச் சட்டியை நேராக அடுப்பில் ஏற்ற மாட்டார், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கித்தான் இளக்குவார். கொதித்தால் பசைக்குப் பிடிப்பு போய்விடும்.

பித்தளைப் பிரியன்:
வார்னிஷையும் சுரண்டாதீர்கள். இலேசான இறக்கைக்கு இன்னொரு பூச்சு வார்னிஷ், இல்லையென்றால் தகட்டில் ஈயப்பற்று, இப்படித்தான் பட்டறையில் எடையைச் சமன் செய்வார்கள். நுனிக்குக் காப்பு போடுவதும் பழைய வழக்கம்தான்: 1903இல் ரைட் சகோதரர்கள் ஸ்புரூஸ் மரத்தில் செதுக்கிய எட்டரை அடிப் புரொப்பல்லருக்கே, பிளக்காமல் இருக்க நுனியில் துணி ஒட்டியிருந்தார்கள். அப்புறம், குடத்தில் 'டி', 'பி' என்று எண்கள் இருந்தால் விட்டமும் பிட்சும் (ஒரு சுற்றுக்கு முன்னேற வேண்டிய தூரம்), மில்லிமீட்டரில்.

லெஸ்டர்வாசி:
மெழுகை ஊசியால் எடுத்துவிட்டேன். ஒரு ஓட்டையிலிருந்து பழுப்புத் தூள் கொட்டியது. கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் கழித்துக் கம்பியில் கோத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.