மதவாரித் தற்கொலை விகிதம்: இந்த எண்களை நம்பி ஆய்வு செய்யலாமா?

மந்தைவெளி மாணவி:
எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுநிலை) ஆய்வேட்டுக்கு, சென்னையில் மத நம்பிக்கைக்கும் தற்கொலைக்கும் உள்ள தொடர்பை எடுத்திருக்கிறேன். 2014-க்கான மதவாரி எண்கள் இணையத்தில் கிடைத்தன. லட்சத்துக்குக் கிறிஸ்தவர் 17.4, இந்துக்கள் 11.3, முஸ்லிம்கள் 7.0, சீக்கியர் 4.1. இதே முறையில் சென்னைக்கும் கணக்குப் போட்டு, எந்த மதம் அதிகம் காக்கிறது என்று சொல்ல முடியுமா?

புள்ளிக்காரன்:
முடியாதுங்க. அவை ஆர்.டி.ஐ. வழியாக 2016-ல் வெளியே வந்த எண்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் (என்.சி.ஆர்.பி.) ஆண்டறிக்கையில் வயது, தொழில், படிப்பு, திருமண நிலை எல்லாம் இருக்கும், மதம் இருக்காது.

17.4-ஐப் பார்த்ததும் கிறிஸ்தவத்தில் காரணம் தேடாதீர்கள். நாட்டில் கிறிஸ்தவர் 2.3 சதவீதம்தான், அதில் சுமார் 38 சதவீதம் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இருக்கிறது. 2022-ல் கேரளத்தின் விகிதம் 28.5, தமிழ்நாடு 25.9, அகில இந்தியா 12.4, பீகார் 0.6. தெற்கில் எந்த மதத்தவருக்கும் எண் ஏறித்தான் வரும். மதம் என்று நினைத்து நீங்கள் அளப்பது மாநிலத்தை. (பீகாரின் 0.6-ஐ நான் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.)

சென்னைக்குள் வந்தால் வகுக்கும் எண்ணே தகராறு. 2011 கணக்கெடுப்பின் 46.46 லட்சம் பழைய மாவட்ட எல்லைக்கானது. மாவட்டம் 2018-ல் விரிந்தது. தாம்பரம், ஆவடி காவல் ஆணையரகங்கள் 2022-ல் தனியாகப் பிரிந்தன. மேலே போடும் மரண எண்ணிக்கைக்கு ஓர் எல்லை, கீழே வகுக்கும் மக்கள்தொகைக்கு வேறோர் எல்லை. சிறு குழுக்களில் இன்னும் மோசம். சமணர் சுமார் 50,000 பேர். விகிதம் 20 என்று வைத்தாலும் ஆண்டுக்குப் பத்துப் பேர். ஐந்து கூடினாலோ குறைந்தாலோ விகிதம் பாதிக்குப் பாதி ஆடிவிடும்.

பதிவேடு:
அந்த எண் பிறக்கிற இடத்தையும் பாருங்கள். இயற்கைக்கு மாறான மரணம் என்றால் போலீஸ் விசாரணை முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சி.ஆர்.பி.சி.) பிரிவு 174-ன்படி, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் பிரிவு 194-ன்படி. பெண்ணுக்குக் கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் என்றால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணையும் உண்டு. குடும்பம் என்ன சொல்கிறதோ அதுதான் பெரும்பாலும் காரணக் கட்டத்தில் ஏறும். "தீராத வயிற்றுவலி" என்ற வரியை நம் பத்திரிகைகளில் எத்தனை முறை படித்திருப்போம்! எந்தச் சமூகத்தில் பாவம், அவமானம் என்ற பேச்சு பலமோ, அங்கே 'விபத்து' என்று எழுதச் சொல்லும் அழுத்தமும் பலம்.

இது பழைய பிரச்சினை. 1897-ல் பிரெஞ்சு சமூகவியலாளர் டர்க்கைம், புராட்டஸ்டண்டுகளைவிடக் கத்தோலிக்கரிடம் தற்கொலை குறைவு என்று காட்டினார். அவர் காரணமாகச் சொன்னது கோட்பாட்டை அல்ல, சபையின் பிணைப்பை. நெதர்லாந்தின் 1905–1910 பதிவுகளை 1996-ல் புரட்டிப் பார்த்தவர்கள், கத்தோலிக்கரிடம் 'திடீர் மரணம்', 'காரணம் தெளிவில்லை' என்ற கட்டங்கள் வீங்கியிருந்ததைக் கண்டார்கள். அதையும் சேர்த்தால் வித்தியாசம் கரைந்துவிடுகிறது.

ஆலோசகர்_அண்ணாநகர்:
மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் தொடர்பே இல்லை என்று போய்விட வேண்டாம். மனநல மருத்துவர்கள் லட்சுமி விஜயகுமாரும் ராஜ்குமாரும் சென்னையிலேயே தற்கொலையில் இறந்தவர் 100 பேரையும் ஒப்பீட்டுக்கு 100 பேரையும் எடுத்து 1999-ல் வெளியிட்ட ஆய்வில், கடவுள் நம்பிக்கை இல்லாமை ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக வந்தது. அமெரிக்கச் செவிலியர் சுமார் 90,000 பேரை வைத்து 2016-ல் வந்த ஆய்வில், வாரம் தவறாமல் தேவாலயம் போனவர்களிடம் விகிதம் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் மொத்த மரணங்கள் 36 தான். பெரும்பாலும் வெள்ளையினக் கிறிஸ்தவப் பெண்கள்.

மதப் பெயரை விட்டு, ஈடுபாட்டை அளங்கள். "கடவுளை நம்புகிறீர்களா?" என்று இங்கே கேட்டால் பெரும்பாலோர் "ஆமாம்" என்பார்கள், அந்தக் கேள்வி எதையும் பிரிக்காது. "வழிபாட்டிடத்துக்கு நாலு வாரம் போகாவிட்டால் விசாரிக்க அங்கே ஆள் உண்டா?" என்று கேளுங்கள். வருகையை மட்டும் எண்ணினால் வீட்டிலேயே தொழும் முஸ்லிம் பெண்களும், பூஜையறையோடு நிற்பவர்களும் ஈடுபாடு இல்லாதவர்களாகத் தெரிவார்கள்.

பலர் தவறவிடுவது ஒன்று: சாவு விழுந்த வீட்டில் ஓராண்டு கோயிலுக்குப் போகாத வழக்கம். நெருங்கியவரை இழந்ததே தற்கொலை அபாயத்தைக் கூட்டும். அதே ஆண்டில் கோயில் வருகையும் பூஜ்யம். "கோயிலுக்குப் போகாததால்" என்று கணக்கு பொய் சொல்லும். மனச்சோர்விலும் இப்படித்தான், முதலில் நின்றுபோவது வெளியே போவது. ஆகவே ஆறு மாதம், ஓராண்டு முந்தைய பழக்கத்தையும் தனியாகக் கேளுங்கள்.

மந்தைவெளி மாணவி:
நன்றி. அப்படியானால் எத்தனை பேர் தேவைப்படும்?

புள்ளிக்காரன்:
ஈடுபாடு இல்லாதவர் ஒப்பீட்டுக் குழுவில் 10%, இறந்தவர் குழுவில் 25% என்று எதிர்பார்த்தால், 80% திறனுக்கு (உண்மையில் வித்தியாசம் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) ஒவ்வொரு குழுவிலும் சுமார் 100 பேர். 3%, 8% என்றால் 320-ஐத் தாண்டும்.

ஆலோசகர்_அண்ணாநகர்:
துக்கத்தில் இருக்கும் நூறு வீடுகளை ஒரு மாணவி தட்டுவதற்கு நெறிமுறைக் குழு ஒப்பாது, ஒப்பவும் கூடாது. குருக்கள், பாதிரியார், இமாம் என்று பன்னிரண்டு பேரிடம் போங்கள். "வாழவே பிடிக்கவில்லை" என்று வருபவரிடம் அவர்கள் என்ன சொல்கிறார்கள்? பரிகாரமா, "அது பாவம்" என்ற கண்டிப்பா, மருத்துவரிடம் அனுப்புகிறார்களா? "பாவம்" என்ற சொல் சிலரைத் தடுத்து நிறுத்தும். சிலரை வாய்திறக்கவே விடாது. ஒப்புதல் படிவத்தின் அடியில் ஸ்நேகா 044-24640050, டெலி மானஸ் 14416, 104 ஆகிய உதவி எண்கள் மூன்றையும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.