புதிய எலுமிச்சைக் கன்றின் இலைகளில் பிசுபிசுப்பு: காரணம் என்ன?

கேள்வி:
அண்மையில் ஒரு நர்சரியில் வாங்கிய எலுமிச்சைக் கன்றை மொட்டைமாடியில் தொட்டியில் வைத்திருக்கிறேன். கீழ் இலைகளின் மேற்புறத்தில் பாகு தெளித்தாற்போல மினுமினுக்கும் சிறு புள்ளிகள் படிந்துள்ளன. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. தொட்டியின் விளிம்பிலும் அதே பிசுக்கு இருக்கிறது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. இது நர்சரியில் அடித்த மருந்தின் எச்சமா, செடியிலிருந்து வடியும் பிசினா? அருகில் கொய்யாச் செடியும் இருப்பதால் கவலையாக உள்ளது.

மறுமொழி 1:
பிசின் என்றால் தண்டில், பட்டை வெடித்த இடத்தில் பொன்னிறமாகத் திரண்டு இறுகியிருக்கும். இப்படி இலையில் புள்ளி புள்ளியாகத் தெறிக்காது. மருந்தா என்று அறிய, இலைகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் செடியின் அடியில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து வையுங்கள். ஓரிரு நாளில் தாளில் மீண்டும் பிசுக்குப் புள்ளிகள் விழுந்தால், மேலே உயிருள்ள பூச்சி சாறு உறிஞ்சுகிறது என்பது உறுதி. அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, செதில் பூச்சி ஆகியவை உறிஞ்சும் சாற்றில் மிகுதியான சர்க்கரையைத் தேன்துளியாக வெளியேற்றுகின்றன. அது கீழ் இலைகளின் மீது விழுவதால், பிசுக்கு உள்ள இலையை விட்டுவிட்டு அதற்கு மேலுள்ள இலைகளின் அடிப்புறத்தையே முதலில் பார்க்க வேண்டும். எறும்பு ஏறுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
தாளில் புள்ளிகள் விழுந்திருந்தன. மேல் இலைகளைத் திருப்பிப் பார்த்தபோது, நடுநரம்பை ஒட்டி வெளிர்பச்சை நிறத்தில், தட்டையாக, எள்ளை விடச் சற்றுப் பெரிய முட்டை வடிவத் திட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அவை அசையவில்லை. நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வருகின்றன. தண்டில் எறும்புகளும் ஏறி இறங்குகின்றன.

மறுமொழி 2:
நீங்கள் விவரிப்பது பச்சைச் செதில் பூச்சியோடு பொருந்துகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் முதுகில் வளைந்த கரும்புள்ளிக் கோடு தெரியும். வளர்ந்த பூச்சி பெரும்பாலும் இடம்பெயராததால்தான் அதைப் பூச்சி என்றே பலர் எண்ணுவதில்லை. காப்பித் தோட்டங்களில் பெயர்பெற்ற இந்தப் பூச்சி எலுமிச்சை, கொய்யா இரண்டையும் தாக்கும் என்பதால், கன்றை உடனே தனியாக நகர்த்தி வையுங்கள்.

கன்று சிறியது என்பதால் பழைய பல்துலக்கியைச் சோப்பு நீரில் நனைத்து, இலையின் அடிப்புறத்தையும் இளந்தண்டையும் மெதுவாகத் தேய்த்து நீக்குவதே முதல் வேலை. பிறகு 1 லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள்; வெயிலில் தெளித்தால் இலை கருகலாம். கண்ணுக்கு எளிதில் தெரியாத இளம் பூச்சிகள் தப்பியிருக்கும் என்பதால் 7 முதல் 10 நாள் இடைவெளியில் மீண்டும் தெளிப்பது அவசியம்.

எறும்பை அலட்சியப்படுத்தாதீர்கள். தேன்துளிக்காக வரும் எறும்புகள், செதில் பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளையும் விரட்டிவிடுகின்றன. தொட்டியை நீர் நிரப்பிய தட்டில் செங்கல் வைத்து அதன்மேல் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கிளைகள் சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிசுக்கைக் கழுவாமல் விட்டால் அதில் கரும்பூசணம் படர்ந்து இலைக்கு வெளிச்சம் கிடைப்பதைத் தடுக்கும்.