சான்றளிப்பு நிறுவனத்துக்கு அங்கீகாரம் பெறுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். தர மேலாண்மை முறைமைக்கான ஐஎஸ்ஓ 9001 தரநிலைப்படி தணிக்கை செய்து சான்றிதழ் வழங்கும் நிறுவனம் ஒன்றை நண்பர்கள் சிலர் கோவையில் தொடங்கியிருக்கிறோம். இந்தியத் தரக் குழுமத்தைச் சேர்ந்த என்ஏபிசிபியிடம் (சான்றளிப்பு நிறுவனங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற எந்தெந்த நிலைகளைக் கடக்க வேண்டும்? தொழிற்கூடங்களுக்கு ஆலோசனைப் பணியும் செய்யலாமா?

மறுமொழி 1:
எல்லாவற்றுக்கும் அடிப்படை, சான்றளிப்பு நிறுவனங்கள் எப்படி இயங்க வேண்டும் என்று கூறும் ஐஎஸ்ஓ/ஐஇசி 17021-1:2015 தரநிலைதான். நடைமுறை ஆவணங்கள், தணிக்கையாளர்களின் தகுதிப் பதிவுகள், நடுநிலைமைக்கு நேரக்கூடிய இடர்கள் பற்றிய பகுப்பாய்வு ஆகியவற்றுடன் விண்ணப்பித்தால், ஆவணங்களை ஆராய்ந்த பின் என்ஏபிசிபியின் மதிப்பீட்டாளர்கள் உங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். என் பார்வையில் கடினமானது அடுத்த நிலை: உங்கள் குழு வாடிக்கையாளரின் ஆலையில் தணிக்கை நடத்துவதை அவர்கள் உடனிருந்து கவனிப்பார்கள். ஆகவே அங்கீகாரம் கிடைக்கும் முன்பே உண்மையான வாடிக்கையாளர்கள் இருந்தாக வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தேங்கிவிடுகிறார்கள். சுட்டப்பட்ட குறைகளை மூலகாரணத்தோடு களைந்த பிறகே அங்கீகார முடிவு எடுக்கப்படும். பின்னரும் கண்காணிப்பு மதிப்பீடுகள் தொடரும்.

மறுமொழி 2:
ஆலோசனைப் பணி அறவே கூடாது, ஐயா. வாடிக்கையாளருக்கு நீங்கள் உள்தணிக்கை (நிறுவனம் தன் முறைமையைத் தனக்காகவே சரிபார்த்துக்கொள்வது) செய்து கொடுத்திருந்தால்கூட, அது முடிந்து குறைந்தது 2 ஆண்டுகள் கழியும்வரை அந்த மேலாண்மை முறைமைக்கு நீங்கள் சான்றளிக்க இயலாது. தணிக்கை செய்தவரே சான்றிதழ் முடிவையும் எடுக்கக் கூடாது என்பதால், துறை அறிவுள்ள இன்னொருவர் உங்களிடம் இருப்பது அவசியம்.

மறுமொழி 3:
அங்கீகாரம் துறைவாரியாகவே கிடைக்கும். நெசவுத் துறைக்கு மட்டும் பெற்றுவிட்டு, வார்ப்பாலைக்கு வழங்கும் சான்றிதழில் அங்கீகார முத்திரையைப் பதிக்க முடியாது. தகுதியான தணிக்கையாளர்கள் உள்ள ஓரிரு துறைகளோடு தொடங்கி, பிறகு அங்கீகாரத்தின் எல்லையை விரிவாக்க விண்ணப்பியுங்கள்.