வாஷிங் மெஷின் நின்றுபோனால் வட்டிக்கு வாங்காதீர்கள்: இங்கிலாந்தில் ஊர்க்காரர்கள் தரும் சிறு உதவித்தொகை

புதிதாக வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான். விசாவில் ‘நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்’ (அரசு உதவிகளைப் பெறக்கூடாது) என்று போட்டிருக்கிறது, திடீரென்று பணமுடை வந்தால் யாரிடம் போவது? ஊருக்குச் சொல்ல மனசு வராது. அதனால் பலர் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறார்கள், இல்லாவிட்டால் தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்கிவிட்டு ஒரு வருடம் அவதிப்படுகிறார்கள். அதற்கு முன்னால் தட்டிப்பார்க்க ஒரு கதவு இருக்கிறது. எனக்கே அது மூன்றாவது குளிர்காலத்தில்தான் தெரிந்தது.

அப்போது மகளுக்கு நாலு மாதம். ஜனவரி. வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. அது எங்கள் சொந்த மெஷின், அதனால் வீட்டு உரிமையாளரிடமும் கேட்க முடியாது. கணவருக்கு இரவு ஷிஃப்ட், வாடகை போக மிஞ்சுவது சாப்பாட்டுக்கே சரியாக இருந்தது. குழந்தைத் துணியை எல்லாம் குளியல் தொட்டியில் கையால் துவைத்தேன். விரல் இடுக்குகளில் தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. துணியை ரேடியேட்டர் மேல் காயப்போட்டுக் காயப்போட்டு, தொட்டில் பக்கத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. குழந்தையை எடை பார்க்க வந்த ஹெல்த் விசிட்டர் முதலில் சுவரைப் பார்த்தார், அப்புறம் என் கையைப் பார்த்தார். “எத்தனை நாளாக இப்படி?” என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

அங்கேயே உட்கார்ந்து ஒரு படிவம் நிரப்பினார். மூன்று வாரத்தில் புது மெஷின் வந்தது. வந்தவர்களே பொருத்திவிட்டுப் பழையதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பணம் கொடுத்தது பக்கத்துத் தெருக்களில் வசிக்கும் பத்திருபது பேர் நடத்தும் ஒரு லயன்ஸ் கிளப்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் கேட்கிற கூச்சம் பாதி போய்விடும். டிசம்பரில் சாயங்கால வேளையில், விளக்கு போட்ட வண்டியில் சான்டா தெருத் தெருவாக வருவாரே, கூடவே நாலைந்து பேர் வாளி ஏந்தி வருவார்களே, அந்த வாளியில் விழுகிற காசுதான் இது. லயன்ஸ், ரோட்டரி, ரவுண்ட் டேபிள் போன்ற கிளப்புகள் பல ஊர்களில் இதைச் செய்கின்றன. லயன்ஸ் கிளப்பில் மக்களிடம் திரட்டிய பணத்துக்குத் தனிக் கணக்கு. கிளப் நடத்துகிற செலவை உறுப்பினர்கள் தங்கள் சந்தாவிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், வாளிப் பணத்தைத் தொடக்கூடாது. இப்போது நானும் வாளி ஏந்துகிறேன். ராத்திரி ஹாலில் வாளியைக் கவிழ்த்து, இரண்டு பேர் சேர்ந்து எண்ணி இருவரும் கையெழுத்துப் போடுவோம். ஐந்து பென்ஸ், பத்து பென்ஸ் நிறைய இருக்கும், சின்னப் பிள்ளைகள் போட்டது. எனக்கு மெஷின் வந்ததும் இப்படிச் சேர்ந்த காசில்தான் என்பது ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும்.

சரி, விசா விஷயம். நன்றாகக் கவனியுங்கள், பயந்துபோய் நிறையப் பேர் இதில்தான் பின்வாங்குகிறார்கள். ‘பப்ளிக் ஃபண்ட்ஸ்’ என்பது அரசு வரையறுத்து வைத்திருக்கும் ஒரு பட்டியல்: யுனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட், ஹவுசிங் பெனிஃபிட், கவுன்சில் (உள்ளாட்சி) தரும் வீடு போன்றவை. அறக்கட்டளையோ கிளப்போ தருகிற உதவி அந்தப் பட்டியலில் இல்லை. வாங்கினால் விசா நிபந்தனையை மீறியதாகாது. ஆனால் கவுன்சிலே தன் கையிலிருந்து தருகிற நெருக்கடி உதவி அப்படியல்ல, பட்டியலுக்குள் வருபவை அதிலும் உண்டு. கவுன்சில் பெயரில் ஏதாவது படிவம் வந்தால், இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பில் கேட்டு உறுதி செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்கே தேடுவது? டர்ன்டுஅஸ் (Turn2us) என்ற உதவித்தொகை தேடும் இணையதளத்தில் உங்கள் போஸ்ட்கோடு, வயது, தொழில் எல்லாம் போட்டுத் தேடலாம். தொழிலை விட்டுவிடாதீர்கள். பராமரிப்பு இல்லங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு கேர் வொர்க்கர்ஸ் சாரிட்டி இருக்கிறது, நர்ஸ்களுக்கும் ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்களுக்கும் கேவல் (Cavell) என்ற அறக்கட்டளை இருக்கிறது. அப்புறம் பழைய ஊர் அறக்கட்டளைகள். ஏழைகளுக்கென்று எப்போதோ எழுதிவைத்த நிலத்தின் வருமானத்தில் நடப்பவை இவை. ரிச்மண்ட் பகுதியில் இருக்கும் ரிச்மண்ட் பாரிஷ் லேண்ட்ஸ் சாரிட்டி 1786-லிருந்து நடக்கிறது. இவற்றுக்கு எல்லை ரொம்ப முக்கியம், ஒரு தெரு தாண்டினாலே தகுதி போய்விடலாம்.

பல இடங்களில் நீங்களே நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ஹெல்த் விசிட்டர், பள்ளியில் குடும்பங்களைக் கவனிக்கும் ஆசிரியர், சமூக சேவகர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்று யாராவது ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். அதனால் அவர்கள் “எல்லாம் சரியாக இருக்கிறதா?” என்று கேட்கும்போது, நம் வழக்கப்படி “ஒன்றும் குறையில்லை” என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். நான் இரண்டு முறை அப்படித்தான் அனுப்பினேன்.

விண்ணப்பத்தில் கஷ்டத்தை எல்லாம் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. என்ன பொருள், என்ன விலை, ஏன் இப்போது, அது இல்லாமல் வீட்டில் என்ன நடக்கிறது, அவ்வளவு போதும். கடையில் அந்தப் பொருள் இருக்கும் பக்கத்தை அச்செடுத்துச் சேருங்கள். பெரும்பாலும் பணமாகத் தரமாட்டார்கள், கடைக்கே நேராகக் கட்டிவிடுவார்கள். முக்கியமாக, முதலில் வாங்கிவிட்டு அப்புறம் பில்லை அனுப்பாதீர்கள். வாங்கி முடித்த பொருளுக்குப் பெரும்பாலான இடங்களில் கிடைக்காது.

பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் பணம் அதில் தெரியும். அதை மறைக்கவும் வேண்டாம், விளக்காமல் விடவும் வேண்டாம். “அப்பாவின் டயாலிசிஸ் செலவுக்கு” என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் படிக்கிறவர் பணம் வேறெங்கோ போகிறது என்று நினைக்கலாம்.

இதற்கு முன் பலர் கேட்டதால் இரண்டு பதில்கள்.

திருப்பிக் கட்ட வேண்டுமா? வேண்டாம், இது கடன் இல்லை. அதேபோல, “உதவித்தொகை வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்” என்று யாராவது, தமிழில் பேசினாலும் சரி, கேட்டால் அந்த இடத்திலேயே விலகுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. உதவி தரும் அமைப்பின் பெயரை, அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். வருட வருமானம் 5,000 பவுண்டுக்குக் கீழே உள்ள சிறிய அமைப்புகள் பதிவாகாமலும் இருக்கலாம். அப்படியானால் பள்ளியிலோ ஹெல்த் விசிட்டரிடமோ அவர்களைத் தெரியுமா என்று கேளுங்கள்.

ஒருமுறை மறுத்துவிட்டால்? காரணம் கேளுங்கள். அந்த மாதம் பணம் தீர்ந்துபோயிருக்கும், அல்லது உங்கள் போஸ்ட்கோடு எல்லைக்கு வெளியே இருக்கும். விண்ணப்பங்களை முடிவு செய்யும் குழு பெரும்பாலும் மாதம் ஒருமுறைதான் கூடும். அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு, அதற்கு ஒரு வாரம் முன்னால் அதே விண்ணப்பத்தைத் திரும்ப அனுப்பும்படி பரிந்துரைத்தவரிடம் சொல்லுங்கள்.